பத்தில் ஒரு பங்கு ராக்கெட்

கல்யாணமாகி ஆறாவது மாதம் நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு ராக்கெட் செய்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அவருக்கு மதகுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் படம் வரைகிற அரசாங்க வேலை.

பாளையங்கோட்டையில் ஒரு அறிவியல் மன்றம் ஆசிரியர்களுக்குப் போட்டி வைத்தது. உண்மையான ராக்கெட் ஒன்றை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்து, அதைப் பறக்கவும் விட வேண்டும். தோற்றத்துக்குப் பாதி மதிப்பெண், பறப்பதற்குப் பாதி. எரிமருந்து அடைத்த குழலை மட்டும் அவர்களே தருவார்கள். அந்த அறிவிப்பை ஒரு வேடிக்கைக்காகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் மூன்று தடவை வாசித்துவிட்டு, “படம் யாரு போடுதா?” என்று கேட்டார்.

மேல்காற்றை ஆராய அனுப்பும் ஒரு சின்ன ராக்கெட்டின் அளவுகள் நூலகப் புத்தகத்தில் கிடைத்தன. எல்லாவற்றையும் பத்தால் வகுத்து அவர் படம் போட்டார். பிவிசி குழாயில் தாளைச் சுற்றிப் பசை தடவி உடலை நான் செய்தேன். கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, மூக்கை அவர் செய்தார். தேய்ப்பார், அளப்பார், மறுபடி தேய்ப்பார். பாராசூட்டுக்கு என் பழைய தாவணி ஒன்றை வெட்டினோம்.

ராக்கெட் நேராகப் பறக்குமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நடுவில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். மூக்கு முன்னால் போனால் சரி. மொட்டை மாடியில் நின்று சுற்றினேன். எங்களுடையது வாலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது.

“வால்ல இருக்க சிறகு சின்னதா இருக்கு. கொஞ்சம் பெருசாக்குவோம்” என்றேன்.

“அளவுன்னா அளவுதான். பெருசாக்குனா அது வேற ராக்கெட்டு.”

“பறக்காத சவத்தை வச்சிக்கிட்டு என்ன செய்ய?”

இரண்டு நாள் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் போட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் ஏரலிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகள்.

“மூக்கைக் குடைஞ்சி உள்ள வைப்போம். வெளிய அளவு மாறாது. ஆனா கனம் கூடும், ரொம்ப உசரம் போவாது. உனக்குச் சம்மதமா?”

ஒவ்வொரு குண்டாகச் சேர்த்து நூலில் சுற்றிப் பார்த்தோம். ஐந்தாவது குண்டில் மூக்கு முன்னால் வந்தது. அவர் சத்தமில்லாமல் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

போட்டி, பாளையங்கோட்டைக்கு வெளியே அறுப்பு முடிந்த வயலில். நடுவர் வெர்னியர் அளவுகோலால் அளந்துவிட்டுத் தாளில் எழுதியதை என் கணவர் எட்டி எட்டிப் பார்த்தார். பேட்டரியின் பொத்தானை நான்தான் அழுத்தினேன். ஒரு சீறல். கண் சிமிட்டுவதற்குள் அது தன்னைத் தாங்கிய கம்பியை விட்டுக் கிளம்பி, கோடு கிழித்த மாதிரி நேராக ஏறியது. மற்றவை போன உயரத்தில் பாதிதான் இருக்கும். தாவணி விரிந்தது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் வாய்க்காலுக்கு அப்பால் வாழைத் தோட்டத்தில் போட்டது.

ராக்கெட்டைத் திரும்பக் காட்டாவிட்டால் மதிப்பெண் கிடையாது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் இஸ்திரி போட்ட பேண்டோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். தோட்டத்துக்குள் இலை வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவரின் குரல் கேட்டது.

“இங்கன வராதீரும், சேறு ஆளை இழுக்கும். பைய நில்லும், நான் எடுத்துத் தாரேன்.”

இவர் இடுப்புவரை சேறோடு, அந்த அம்மா எடுத்துக் கொடுத்த ராக்கெட்டைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு சிறகு ஒடிந்திருந்தது. அதற்கும் உயரத்துக்கும் மதிப்பெண் குறைந்து எங்களுக்கு இரண்டாம் பரிசு.

எனக்கு வருத்தம்தான். பஸ்ஸில் அந்த மதிப்பெண் தாளை என்னிடம் நீட்டினார். தோற்றத்துக்கு முழு மதிப்பெண்.

“நேரா போச்சுல்லா” என்றார்.

“போச்சு” என்றேன்.

காய்ந்த சேறு அவர் பேண்டிலிருந்து என் சேலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் தள்ளி உட்காரவில்லை.