பரணில் வைத்த கந்தல்

பூமாரியை நல்லவள் என்று எழுத எனக்கு மனமில்லை. நல்லவள்தான், ஆனால் சங்கரன்கோவிலில் நல்லவர்களுக்கா பஞ்சம்? பழிவாங்கத் தெரிந்தவள் என்றுதான் எழுதப் போகிறேன். இந்த ஊரில் எத்தனையோ பேர் வயிறெரிந்தபடியே செத்துப் போனார்கள். பூமாரி பதினோரு வருஷம் பொறுத்திருந்து, ஒரு கந்தல் துணியை வைத்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டாள். அதற்கு நானும் உடந்தை.

அவள் வெள்ளையடிக்கிறவள். புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். தை பிறக்கும் முன்னால் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அவள்தான் ஏணி போட்டு ஏறுவாள். அதில் பெரிய வீடு பஞ்சு வியாபாரி சிவராமலிங்கத்தின் வீடு. அவர் எனக்குச் சித்தப்பா மகன். தாலியறுத்த பிறகு சோற்றுக்கும் சேலைக்கும் அந்த வீட்டில் ஒதுங்கியவள் நான். அவர் பெண்சாதி நெல்லையம்மாள் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அம்மியில் அரைக்கச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பூமாரி கைக்குழந்தையோடு வேலைக்கு வந்தாள். ஏழு மாதப் பெண் பிள்ளை, பெயர் ஆவுடை. உள்கூடத்தில், பட்டகசாலையில் தூளி கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"வீட்டுக்குள்ளயா? நல்லாருக்கே! தொழுவுல போய்க் கட்டுட்டி" என்றாள் நெல்லையம்மாள்.

"சுண்ணாம்புத் தாழி தொழுவோரமால்லா இருக்கு. உள்ள ஒரு ஓரம் கிடையாதாம்மா?"

"கிடையாது."

வெள்ளையடிக்க அவள் உள்ளே வரலாம், அவள் பிள்ளை வரக்கூடாது. தூளியை மாட்டுத் தொழுவத்துத் தூணை ஒட்டிக் கட்டினாள். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தாழியில் போட்டுத் தண்ணீரையும் அவளேதான் ஊற்றினாள். கல் கொதித்து வெடித்தது. பாதி தூணில் தெறித்தது, ஒரு சொட்டு பிள்ளையின் இடது கண்ணில் விழுந்தது. விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் பால் மாதிரி வெளுத்துப் போனது. நான் அன்றைக்கு அங்கேதான் நின்றேன். உள்ளே நாலு ஓரம் இருப்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சோறு போய்விடும் என்ற பயம்.

மறு வருஷமும் பூமாரி அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தாள். அழவில்லை, ஏசவில்லை. எனக்கே அது பிடிக்கவில்லை. இவளுக்கு ரோஷமே இல்லையா என்று நினைத்தேன்.

ஐம்பத்திமூன்றில் நெல்லையம்மாளின் ஒரே மகள் முத்துமீனாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். கட்டிக்கொடுத்தது சிவகிரியில். அவள் மாமியார் பார்வதியம்மாள் பாயசத்தில் கூடக் கல் பொறுக்குகிறவள். அவள் வாயை அடைக்க வேண்டுமென்று நெல்லையம்மாள் மதுரையிலிருந்து ஆள் வரவழைத்துப் பிள்ளைப்பேற்று அறைக்குப் பச்சைப் பெயிண்டு அடித்தாள். சுவர், ஜன்னல், கதவு, தொட்டில் கட்டும் உத்தரம் எல்லாம் பச்சை. தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிவகிரிக்குக் கடிதமும் போட்டாள். அந்தப் பக்கமாக வந்த பூமாரியையும் விடவில்லை.

"இந்த ரூமுக்கு இனி நீ வேண்டாம்ட்டி. சுண்ணாம்பு உதிரும்லா. பச்சப்பிள்ள கண்ணுல விழுந்துட்டா?"

பூமாரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெயிண்டுக்காரன் போன இரண்டாம் நாளே, குறித்த நாளுக்குப் பத்து நாள் முந்தி முத்துமீனாளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆண் பிள்ளை. பெயிண்டு காயவில்லை, நெடி மூக்கைப் பிய்த்தது. புத்தியுள்ளவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது என்று நெல்லையம்மாள் எல்லாவற்றையும் அடைத்தாள். இடுக்கில் துணி திணித்தாள். நெடிக்கு மாற்றாக மூன்று வேளையும் சாம்பிராணி போட்டாள். பெயிண்டு நெடியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து, உள்ளே போனால் எனக்கே தலை கிறுகிறுத்தது. மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. குடித்த கொஞ்சத்தையும் கக்கியது, மூச்சு இழுத்தது. டாக்டர் வந்து, முதலில் பிள்ளையை இந்த அறையை விட்டு வெளியே கொண்டுபோங்கள் என்று சத்தம் போட்டார்.

எங்கே கொண்டுபோவது? தீட்டு கழியப் பதினாறாம் நாள் ஆகும். பட்டகசாலையை ஒட்டிப் பூஜை அறை, அந்தப் பக்கம் அடுப்பங்கரை, இரண்டும் ஆகாது. பச்சை உடம்புக்காரி மாடி ஏறக் கூடாது. பதினாறாம் நாள் பெயர் வைக்கச் சிவகிரிக்காரர்கள் வேறு வருகிறார்கள். நெல்லையம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சுவர்ச் சங்கதி பூமாரிக்குத் தெரியும் என்று நான்தான் சொன்னேன். ஆள் போய் அழைத்து வந்தது.

பூமாரி அறையை எட்டிப் பார்த்தாள். துணியைப் பிடுங்கி எறிந்து ஜன்னலை எல்லாம் திறந்தாள். பிறகு நெல்லையம்மாளிடம் திரும்பி நிதானமாகச் சொன்னாள்.

"வாசத்தை நான் போக்கித் தாரேன். அதுவரைக்கும் தொட்டிலத் தொழுவுல போய்க் கட்டுங்க."

"தொழுவுலயாட்டி?"

"வேற இடம் இருந்தாச் சொல்லுங்கம்மா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சந்தோஷத்தில்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? மாடுகளை வேப்பமரத்தடிக்கு மாற்றி, தொழுவத்தைக் கழுவிவிட்டு, கட்டிலைப் போட்டோம். மூன்று பக்கமும் காற்று. மறைப்புக்கு ஓலைத்தட்டி. தொட்டிலைக் கட்ட வாகான இடம் அந்தத் தூண் ஓரம்தான். தொட்டிலாட்டப் பூமாரி தன் மகள் ஆவுடையை அழைத்து வந்து உட்கார்த்தினாள். அன்று மாலையே பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. அதனால் நெல்லையம்மாளால் வாய் திறக்க முடியவில்லை.

அறையில் பூமாரி அகலமான அண்டாக்களில் தண்ணீர் வைத்து வைக்கோலை அமுக்கினாள், காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினாள். மூலைக்கொரு சட்டியில் சுண்ணாம்புக் கல், முறங்களில் அடுப்புக்கரி. நாலே நாளில் நெடி போய்விட்டது. எட்டாம் நாள் காலையில் நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன், வைக்கோல் வாசம்தான் வந்தது. மாலையில் போனால் மறுபடியும் பெயிண்டு நெடி. ஏணி பரணில் சாய்ந்திருந்தது. ஏறிப் பார்த்தேன். மதுரைக்காரன் போட்டுவிட்டுப் போன பெயிண்டுக் கந்தல், பெயிண்டு கரைக்கிற டர்பன்டைனில் நனைத்துச் சுருட்டி வைத்திருந்தது.

கீழே பூமாரி நின்றாள். "தொழுவுல இன்னும் ஒரே ஒரு நாள் கிடக்கட்டும்க்கா. நாளைக்கு எடுத்துருதேன்" என்றாள்.

நான் பேசாமல் இறங்கினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பயத்தில் வாயை மூடினேன். இந்தத் தடவை மனசாரத்தான் மூடினேன்.

மறுநாள் அவள் அதை எடுத்திருப்பாள். பேரனைப் பார்க்க வந்த நெல்லையம்மாள்தான் கெடுத்தாள். தொட்டிலாட்டிக்கொண்டிருந்த ஆவுடையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏட்டி பூமாரி, ஒம் மகளுக்குக் கண்ணு என்னாச்சு? பொறவிலேயே இப்படியா?" என்று கேட்டாள்.

நிஜமாகவே கேட்டாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒரு பிள்ளையின் கண் போனது அவள் மனதில் பதினோரு நாள் கூடத் தங்கியிருக்காது. பூமாரி நேராக அறைக்குள் போனாள். பின்னாலேயே நானும் போனேன். ஏணியில் ஏறி, கந்தலில் இன்னும் கொஞ்சம் டர்பன்டைனை ஊற்றி, பரணின் கடைசிக்குத் தள்ளிவிட்டு இறங்கினாள். அப்போதுதான் அவளுக்கு எவ்வளவு ரோஷம் என்று எனக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் சிவகிரியிலிருந்து இரண்டு வில்வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நெல்லையம்மாள் பச்சை அறைக் கதவைத் திறந்து காட்டினாள். பார்வதியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தீட்டுக் கழிக்கும் சடங்கு முடியாமல் பிள்ளை வேறு அறைக்குள் வரக் கூடாதென்று, பெயர் வைத்ததும் தொழுவத்தில்தான். ஐயர் என்னவோ கோமாதா இருக்கும் இடம், விசேஷம் என்று சமாதானம் சொன்னார். வேப்பமரத்தடியில் ஒரு மாடு சாணி போட்டது.

பார்வதியம்மாள் குரலை உயர்த்தினாள். "இம்புட்டுப் பெரிய வீட்டுல, எங்க பேரனுக்கு உள்ள ஒரு ஓரம் கூடவா கிடையாது?"

நெல்லையம்மாளின் முகம் செத்துவிட்டது. அவள் தொட்டிலைப் பார்த்தாள். தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்த ஆவுடையின் வெளுத்த கண்ணைப் பார்த்தாள். அப்புறம் தூணைப் பார்த்தாள். தெறித்த சுண்ணாம்பு இத்தனை வருஷமாகியும் அதில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கிணற்றடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்த பூமாரியிடம் தனியாக வந்தாள். நான் பக்கத்தில் இருப்பதைக் கூட அவள் பொருட்படுத்தவில்லை.

"ஏட்டி" என்றாள். "அன்னைக்கு உள்ள ஓரம் இருந்துச்சுட்டி."

பூமாரி கழுவி முடித்தாள். அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது சுருட்டிய கந்தல் கையில் இருந்தது. நெல்லையம்மாள் பார்க்கவே அதைப் பந்திக்கு மூட்டிய அடுப்பில் போட்டாள். பெயிண்டு நெடி குப்பென்று எழ, நெல்லையம்மாள் பச்சை அறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவளை வாசல் வரை கொண்டுவிட்டேன். "மன்னிச்சுட்டியா பூமாரி?" என்று கேட்டேன்.

அவள் ஆவுடையின் தலையைத் தடவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையின் ஆத்திரத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

"மன்னிப்பா?" என்றாள். "நான் கந்தலைத்தான்க்கா எடுத்தேன்."