மெரூன் ஜாக்கெட்டும் நான் மாட்டுன ஆறு லைட்டும்

சீச்சீ! இந்த லைட்டுக் கம்பெனிக்காரங்களை நெனச்சாலே குமட்டுதுங்க.

எங்க மலையில, செம்மேட்டுல கரண்டு வந்த நாள்ல இருந்து என்னைக் கேக்காம ஒருத்தரும் பல்பு மாட்டுனது கிடையாது. அதனாலதான் அக்கா மக செல்வியோட தையல் கடைக்கு நானே நாமக்கல் போயி ட்ராக் லைட்டு வாங்கியாந்தேன். கூரையில நீளமா ஒரு பட்டை, அதுதான் ட்ராக்கு, அதுல ஆறு லைட்டு. வெளிச்சம் தள்ளியிருக்கற திருப்புலி நாடு வரைக்கும் அடிச்சது!

இன்னிக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, செல்வி தச்ச ஜாக்கெட்டோட வந்து நின்னாங்க.

"என்னம்மா இது, மெரூன் துணிக்குக் காப்பிப்பொடி கலர் நூலா? நாளைக்கு ஆண்டு விழாவுக்கு நான் எதைப் போடறது? மத்த டீச்சருங்க உங்கிட்ட எப்படித் துணி குடுப்பாங்க?"

செல்வி மொகம் செத்துப்போச்சு. "மாமா, இந்த லைட்டுல ரெண்டும் ஒரே கலராத்தான் தெரியுது."

கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கிழிச்சேன்.

"வாட்ஸ் கேட்டீங்க, குடுத்தேனுங்க. கலரைச் சரியாக் காட்டுமான்னு கேக்கலீங்களே. அட்டையில சிஆர்ஐங்கற கலர் நம்பர் தொண்ணூறுக்கு மேல இருக்குதான்னு பாத்து வாங்கோணுமுங்க."

சரி, லைட்டை மட்டும் மாத்திக் குடுன்னா, அந்த நல்ல லைட்டு என் ட்ராக்குல பொருந்தாதாம். அதுக்கு வேற ட்ராக்காம். தூ!

செல்வி மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டு, வெயில்லயே நூலைப் பிரிச்சு, பொழுது சாயறதுக்குள்ள தச்சுக் குடுத்துட்டா. அப்புறம் ஒரே வார்த்தைதான் சொன்னா: "இதைக் கழட்டிட்டுப் போயிருங்க மாமா."

வளப்பூர் பக்கம் பலாப்பழக் கடை வெச்சிருக்கறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. இந்த லைட்டு பலாக்காயைக்கூடப் பழமாக் காட்டும். அதுக்கு நான் கேரண்டி.