முப்பத்தாறைத் தாண்டிய எண்

தொண்ணூறுகளின் கடைசி. கல்லூரி முடித்த கையோடு கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பியிருந்தேன். காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். எடுத்த படம் உடனே அதன் முதுகில் தெரிந்தது. அதைப் பார்த்த அவருடைய அத்தை என்னிடம் திரும்பினார்.

"உங்களுதுல எப்பத் தெரியும்?"

"கழுவினாத்தான் தெரியும்."

"அங்குட்டு இப்பவே தெரியுதே. நீங்க என்ன, வெளுக்கவா போடப்போறீக?"

சிரித்து வைத்தேன். ஃபிலிமை நம்பி இன்னும் எத்தனை நாள் பிழைப்பு ஓடும் என்று காலையிலிருந்தே யோசனை.

தாலி கட்டும் நேரத்தில் அண்ணனின் கேமரா அணைந்துவிட்டது. எல்லோருக்கும் காட்டிக் காட்டியே பேட்டரியைத் தீர்த்திருந்தார். "தம்பி, இனி நீங்கதான்" என்றார். கெட்டிமேளத்தில் மூன்று முடிச்சையும் எடுத்தேன்.

ஆசீர்வாதத்தின்போது, எத்தனை படம் எடுத்தாயிற்று என்று கேமராவில் காட்டும் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தொன்பது. ரோலில் இருப்பது முப்பத்தாறு. ஃபிலிமை நகர்த்தும் லீவர் தடையில்லாமல் ஓடியது. எடுத்த ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் திருகைத் திருப்பினேன், வெறுமனே சுழன்றது. 

காலையில் மாப்பிள்ளை கார் வந்த அவசரத்தில் ஃபிலிமை மாட்டினேன். அது சரியாக மாட்டாமல், ஒரு படமும் பதியாமலே போயிருக்கலாம். அல்லது, இடையில் லீவர் இறுகியபோது நான் இழுத்த இழுப்பில் வால் அறுந்து, படம் பதிந்த முழுச் சுருளும் கேமராவுக்குள்ளே கிடக்கலாம். திறந்தால் தெரியும். வெளிச்சத்தில் திறந்தால், இருப்பதும் போய்விடும். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

அண்ணனிடம் சொன்னேன். முகம் வெளுத்து, ஜன்னலில்லாத சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். நான் உள்ளே, அவர் வெளியே. கதவிடுக்கில் ஜமுக்காளத்தை அடைத்தோம். இருட்டில் கேமராவைத் திறந்தேன்.

வெளியே அத்தையின் குரல். "கதவைத் திறங்கப்பா, அப்பளம் எடுக்கணும்."

"பொறுங்க அத்தை, தாலி உள்ள இருக்கு."

"தாலி அவ கழுத்துலல்ல இருக்கு? தள்ளு."

கதவு அசைந்தது. உடம்பால் கேமராவை மூடிக்கொண்டேன். விரல் மெல்ல நகர்ந்து உருளையைத் தொட்டது. வழவழவென்று, இறுக்கமாக, சுருள் முழுதும் இருந்தது.

"இருக்கா?" என்றார் அண்ணன்.

"இருக்கு. கதவை விட்டுறாதீக."

வியர்த்த விரல்களால் அதைச் சுற்றி டப்பாவுக்குள் மூடினேன். முதல் பந்தி அப்பளம் இல்லாமலே முடிந்தது.

படம் வந்தது. மூன்றாவது முடிச்சுக்கு மேலே, ஓரத்தில், என் கட்டைவிரல் ரேகை.