விலக்கப்பட்டவர் சுட்ட அப்பம்

ரொட்டிக்காரருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அவருடைய கடையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் மைதா மூட்டைதான் உட்கார்ந்திருக்கும். விடியுமுன் அடுப்பை மூட்டினார் என்றால் கடை சாத்தும் வரை கால் தரையில் பாவாது. சாப்பாடுகூட நின்றபடிதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் இதே கதை. முதல் பாட்டுக்கு இருப்பார், ஜெபத்துக்கு இருப்பார். போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரசங்கத்தைத் தொடங்கியதும் மனிதர் வெளியே முற்றத்தில் நடைபோட்டுக்கொண்டிருப்பார். அப்பம் பகிர்ந்து உண்ணும் திருவிருந்துக்கு மட்டும் சரியாக உள்ளே வந்துவிடுவார்.

அந்தத் திருவிருந்தின் அப்பம் அவர் சுட்டது. பத்தொன்பது வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிறுதோறும், இரண்டு கை அகலத்துக்கு ஒரே ஒரு உருண்டை ரொட்டி. யாரும் கேட்டுக்கொண்டு தொடங்கியதல்ல. அவராகக் கொண்டுவந்தார், அப்படியே பழகிப்போயிற்று.

வினை ஆண்டுக் கூட்டத்தில் வந்தது. சபையின் செயலாளர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அங்கத்தினர் பட்டியலைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பேராக வாசித்து, "முழு அங்கத்தினர்", "எப்போதாவது வருகிறவர்" என்று வாத்தியார் பிரித்துக்கொண்டே வந்தார். ரொட்டிக்காரர் பேர் வந்ததும் பேனா நின்றது.

"மாப்பிள்ளையை எதுல சேர்க்கிறது? அவருக்குச் சபைன்னா ரொட்டி இறக்கிட்டுப் போற இடம். ஒரு பிரசங்கமாவது முழுசாக் கேட்டிருக்காரா? அவரே சொல்லட்டும்."

கூட்டம் சிரித்தது. பொய்யாக இருந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். உண்மை என்பதால் சுருக்கென்று தைத்தது. நாலு எட்டில் மேசையை அடைந்து மச்சான் கன்னத்தில் விட்டார் ஒன்று. வாத்தியாரின் கண்ணாடி பறந்துபோய் மூன்றாவது பெஞ்சுக்கடியில் விழுந்தது.

கமிட்டி கூடியது. ஏழு பேர் மூன்று மணி நேரம் பேசிக் கடிதம் எழுதினார்கள். சபையார் எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்கும் வரை ரொட்டிக்காரருக்குத் திருவிருந்தில் பங்கில்லை. செயலாளர் என்ற முறையில் மச்சானே கையெழுத்துப் போட்டிருந்தார். அத்தனை பெரிய மண்டைகளில் ஒன்றுக்காவது, அந்த விருந்துக்கு அப்பம் எங்கிருந்து வரும் என்று தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை.

தோன்றியது அவர் மனைவிக்கு மட்டும்தான்.

"முதல் ஞாயிறு வருது. ரொட்டி சுடுவீங்களா, மாட்டீங்களா?"

"ரொட்டி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று சீறினார். "சுடுறேன். நீயே கொண்டு போய்க் குடு. நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். ஊர்ல வேற சபையே இல்லையா?"

இருந்தன. அந்த ஞாயிறு பெரிய சபை ஒன்றுக்குப் போனார். மெத்தை வைத்த நாற்காலிகள், சுவரில் திரை, நான்கு ஒலிபெருக்கிகள். அப்பம் என்று அங்கே நீட்டியது காகிதம் போல இருந்தது. இதற்கு மாவு எதற்கு, அட்டையைக் கத்தரித்தால் போதாதா என்று நினைத்தபடி பின்வரிசையிலிருந்து நழுவினார். அடுத்த மாதம் போன இடத்தில் கடை ரொட்டியை ஓரம் வெட்டிச் சதுரமாக அடுக்கியிருந்தார்கள். "ஓரத்தை வெட்டி எறிஞ்சிருக்கானுங்க" என்று வீட்டுக்கு வந்தும் மனைவியிடம் புலம்பினார். அவளுக்குத் தெரியும், இவருடைய ஆத்திரம் ரொட்டியின் மேல் இல்லை என்று.

மூன்றாவது மாதம் ஒரு கடையின் மாடியில் கூடும் சின்னச் சபை. நல்ல ஜனங்கள். வாசலிலேயே கையைப் பிடித்து வரவேற்றார்கள், மின்விசிறிக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். அப்பத்தட்டு வரிசையாக வந்தது. அவரவர் துண்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மா சிரித்த முகத்தோடு அவரிடம் நீட்டினார். நீ யார், எங்கிருந்து வருகிறாய், யாரை அடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எடுத்து வாயில் போட்டிருந்தால் காரியம் முடிந்தது.

கை நீளவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். இங்கே யாருடைய பிள்ளைக்கு ஜுரம் என்று அவருக்குத் தெரியாது. யாருடைய சாவுக்கும் போய் நின்றதில்லை. முக்கியமாக, இங்கே ஒருவர் மேலும் அவருக்குக் கோபமில்லை. கோபம்கூட இல்லாத இடத்தில் தனக்கு என்ன உறவு என்று தோன்றியது. தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிட்டுப் படியிறங்கினார். வீடு வரும் வரை ஓட்டமும் நடையும்தான்.

மனைவி ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"உங்க அண்ணன் எப்படி இருக்கார்? நான் தொலைஞ்சதுல நல்லா வயிறு நிறையச் சாப்பிடுறாரா?"

"அண்ணன் மூணு மாசமா எழுந்திரிக்கிறதே இல்ல."

"என்ன?"

"திருவிருந்துக்குத்தான். பெஞ்சு ஓரத்துல உட்கார்ந்துக்கிட்டு காலை ஒதுக்கி எல்லாருக்கும் வழி விடுறார். அவர் மட்டும் போறதில்ல."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அவர் பேரை எடுத்தாலே இங்க தட்டு பறக்குது. எப்படிச் சொல்றது? நானும் அண்ணன்கிட்ட கேட்டேன். 'அவரை வெளிய நிறுத்திட்டு அவர் சுட்டதை நான் எப்படிம்மா சாப்பிடுறது'ன்னார்."

"அப்படின்னா அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட வேண்டியதுதானே?"

"ஏன், நீங்க அடிச்சது தப்பு இல்லையா?"

அந்த மாதம் முழுக்க மனிதர் நிலைகொள்ளாமல் தவித்தார். இரண்டு தட்டு பன்னைக் கருக்கினார். மச்சான் வீட்டுத் தெருமுனை வரை மூன்று தடவை போய்த் திரும்பி வந்தார். உள்ளே போய்த் தனியாக மன்னிப்புக் கேட்டுவிடலாம்தான். ஆனால் அடித்தது தனியாகவா?

அடுத்த மாத முதல் ஞாயிறன்று ரொட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிரசங்கத்தில் ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். போதகர் அப்பத்தை ஆசீர்வதித்துக் கையில் ஏந்தினார். பெஞ்சு பெஞ்சாக எழுந்து போய் முன்னால் அரைவட்டமாக நின்றார்கள். இந்தச் சபையில் யாரும் தானே எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் பிய்த்துப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும், பிறகு அப்பத்தையும் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

வாத்தியாரின் பெஞ்சு எழுந்தது. அவர் முழங்காலைத் திருப்பி வழிவிட்டார்.

ரொட்டிக்காரர் விடுவிடுவென்று நடந்து அந்த பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார்.

"மச்சான், எழுந்திரிங்க."

"நீங்க போங்க மாப்பிள்ளை."

"எனக்குத்தான் தடை இருக்கே."

"எனக்குத் தடை இல்ல. அதான் போக முடியல."

ஓட்டி வைத்திருந்த வசனமெல்லாம் அந்த நிமிஷமே காற்றில் போயிற்று. ரொட்டிக்காரர் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் மச்சானை அடிச்சது தப்பு. அவர் அன்னைக்குப் பேசினதும்..."

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி பலமாக ஒரு இருமல் இருமினாள்.

"...அடிச்சது தப்பு. மன்னிச்சிருங்க," என்று முடித்தார்.

கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போதகர் அவர்களைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் வாங்க," என்றார்.

அரைவட்டத்தின் கோடியில் இருவரும் நின்றார்கள். அப்பம் கை மாறி மாறி வாத்தியாரிடம் வந்தது. அன்றைக்கு அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டதால் மேல்தோல் கெட்டி. வாத்தியாரின் விரல்களில் மூட்டுவலி; பிய்க்க முடியாமல் திணறினார். ரொட்டிக்காரர் மறுபக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருவரும் இழுத்தார்கள். துண்டு மச்சான் கையோடு வந்தது, மிச்சம் இவர் கைகளில் நின்றது. வாங்குவதற்கு இவருக்குக் கை காலியில்லை.

மச்சானின் வலது கை மேலே எழும்பி இவர் முகத்தை நோக்கி வந்தது.

வரட்டும் என்று நினைத்தார் ரொட்டிக்காரர். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கால் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. கன்னத்தைக் கொடுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவர் உதட்டில் அப்பம் பட்டது.

"வாயைத் திறங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். "எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."