சிவப்புப் பேனாவும் நானூறு ஐலெட்டும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் வாயில் வராது, பேப்பரில்தான் வரும். பல்லாவரத்தில் ஷூவின் மேல்பாகம் தைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்த காலத்தில், மேனேஜருக்கு நான் எழுதிய புகார்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பீரோ நிறைந்திருக்கும். அதில் ஒரே ஒரு கடிதத்தைத்தான் திருப்பி வாங்கினேன். வாங்க வைத்தது ஒரு விளையாட்டு, அதுவும் முப்பத்தைந்து வயதில் விளையாடியது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். எட்டு மணிக்கு ஸ்டோர்ஸ் ஜன்னலைத் திறந்தால் அங்கே நான்தான் ராணி. நூல்கண்டு, பசை டின், பக்கிள், லைனிங் துணி எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். வேண்டியதை மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுக்கு இன்டென்ட் என்று பெயர். சீட்டு வந்ததும் என் சிவப்புப் பேனா அதிலுள்ள எண்ணை அடித்துவிட்டுப் பாதியை எழுதும். இருபது கேட்டால் பத்து, ஐம்பது கேட்டால் இருபத்தைந்து. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். கேட்பவர்கள் எல்லோரும் கூட்டித்தான் கேட்பார்கள் என்பதில் ஸ்டோர்ஸில் உட்கார்ந்த யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எங்களுக்குப் பொழிச்சலூரில் ஒரு தையல் யூனிட் இருந்தது. அதன் சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லியான மனிதர், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. அந்த வருடம் அவருடைய பசை இன்டென்ட் ஏறிக்கொண்டே போனது. வாரத்துக்கு இருபத்துநாலு டின் என்றிருந்தது முப்பதாகி, நாற்பதாகி, ஐம்பதைத் தொட்டது. ஐம்பது வந்த அன்று கடுப்பாகி, சொல்லாமல் கொள்ளாமல் யூனிட்டுக்கே போய் நின்றேன். தகரக் கூரைக்குக் கீழே, சாக்கு போட்டு மூடி, முப்பது டின். ஒன்றைத் திறந்து பார்த்தேன். வெயிலில் பசை இறுகி அல்வா மாதிரி ஆகியிருந்தது.

அன்றைக்கே எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். பதுக்கல், திமிர், கம்பெனிக்குத் துரோகம், எல்லாம் இருந்தது. இவரை வேலையை விட்டே அனுப்பினால்தான் மற்றவர்கள் திருந்துவார்கள் என்று முடித்திருந்தேன். ஒரு வாரம் கழித்து மேனேஜர் அவரைக் கேளம்பாக்கம் குடோனுக்கு மாற்ற முடிவு செய்தார். ஆர்டர் டைப் அடித்துத் தயாராக இருந்தது, சனிக்கிழமை மாலை கொடுப்பதாக ஏற்பாடு. விஷயம் அவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. மதியம் இவர்தான் சைக்கிளில் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிட்டு யூனிட்டுக்குத் திரும்புவார். வீடும் யூனிட்டும் இரண்டு தெரு தள்ளித்தான். கேளம்பாக்கமோ மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய இடம், குடோனைச் சுற்றி உப்பளம். மதியம் யார் சோறு போடுவார்கள் என்று எனக்குள் உறுத்தாமல் இல்லை. முப்பது டின்னை நினைத்து அந்த உறுத்தலை அடக்கி வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போது, ஆர்டர் கொடுப்பதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். சப்ளை செயின் மேனேஜ்மென்ட் என்று போர்டில் எழுதியிருந்தது. அந்தப் பெயரையே நாங்கள் அன்றுதான் கேட்டோம். நடத்த வந்தவள் ஒரு மேனேஜ்மென்ட் கல்லூரி ஆசிரியை, எங்கள் எல்லோரையும் விடச் சின்னவள். வரும்போதே மூச்சு வாங்கினாள். வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பை கிழிந்து, விளையாட்டுக்காகக் கொண்டுவந்த பிளாஸ்டிக் காய்கள் எல்லாம் தெருவில் சிதறிவிட்டனவாம். பொறுக்கப் போனால் நாட்டுக்கோழிக் கூடைக்குள் பாதி விழுந்துவிட்டதாம்.

"மேடம், உங்க ஸ்டோர்ஸ்ல சின்னதா ஏதாவது இருக்குமா? காய் மாதிரி வச்சுக்க" என்று என் ஜன்னலுக்கு வந்தாள்.

ஷூவில் லேஸ் கோக்கும் ஓட்டைக்கு அடிக்கிற பித்தளை வளையம் இருக்கிறது, அதை நாங்கள் ஐலெட் என்போம் என்று காட்டினேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. விருந்தாளியாக இருந்தாலும் சீட்டு சீட்டுதான். இன்டென்ட் எழுதச் சொன்னேன். "ஐலெட், 400" என்று முத்து முத்தாக எழுதினாள். நான் வாங்கினேன், அடித்தேன், 200 என்று எழுதினேன், எண்ணிக் கொடுத்தேன். இதில் நான் யோசித்ததாக எதுவும் இல்லை. அவளும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

விளையாட்டு இதுதான். வரிசையாக நாலு மேஜை. முதல் மேஜை கடை, அடுத்தது மொத்த வியாபாரி, அதற்கடுத்து டெப்போ, கடைசியில் ஃபேக்டரி. வெளிநாட்டில் இதை பீர் பெட்டிகளை வைத்து விளையாடுவார்களாம். துவக்கி வைக்க வந்த மேனேஜர் எங்கள் சர்ச் சபையில் மூப்பர், மது என்ற பேச்சே அவருக்கு ஆகாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "இங்க கலர் சோடான்னு வச்சுக்கலாம் சார்" என்றாள் அந்தப் பெண். ஒரு ஐலெட் ஒரு பெட்டி சோடா. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஒரு வாரம். வாடிக்கையாளர் எவ்வளவு வாங்குகிறார் என்பது கடை மேஜைக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் அடுத்த மேஜைக்குச் சீட்டில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்ட சரக்கு வந்து சேர நாலு வாரம் ஆகும். முக்கியமான விதி, யாரும் பேசக் கூடாது.

கடை மேஜையில் பேக்கிங் அக்கா. ஃபேக்டரியில் கட்டிங் மாஸ்டர். நான் மொத்த வியாபாரி. எனக்குச் சரக்குத் தரும் டெப்போ மேஜையில், என் போதாத காலம், பொழிச்சலூர் சூப்பர்வைசர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தோம்.

முதல் நாலு வாரம் சுகமாகப் போனது. அக்கா நாலு கேட்டாள், நான் நாலு கொடுத்தேன், நாலு கேட்டேன். அப்புறம் அவளுடைய சீட்டு ஏற ஆரம்பித்தது. எட்டு, பிறகு பத்து, பிறகு பதினாலு. என்னிடம் சரக்குக் கரைந்தது. டெப்போவிடம் இருபது கேட்டேன், ஆறு வந்தது. முப்பது கேட்டேன், ஒன்றுமே வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பழி வாங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நாற்பது என்று எழுதினேன், அடுத்த வாரமும் நாற்பது. அப்படியாவது இருபது வரட்டும் என்று கணக்கு.

பிறகு வந்தது பாருங்கள். நாலு வாரத் தாமதத்தில் இருந்ததெல்லாம் ஒரே அடியாக வந்து என் மேஜையில் கொட்டியது. பித்தளைக் குவியல். அதற்குள் அக்காவுக்கும் சரக்குப் போதுமென்று ஆகி, அவள் பூஜ்யம் பூஜ்யமாகச் சீட்டு அனுப்பினாள். "என்னக்கா, உங்க கடைய மூடிட்டீங்களா?" என்று நான் கத்த, ஆசிரியை விரலை உதட்டில் வைத்தாள்.

பதினெட்டாவது வாரம் மணி அடித்தபோது கட்டிங் மாஸ்டர் கையை விரித்தார். ஃபேக்டரி டப்பாவில் ஐலெட் காலி. ஆசிரியை குழம்பிப்போய்க் குனிந்து மேஜைக்குக் கீழே எல்லாம் தேடினாள். "நானூறு இருக்கணுமே, நானூறுக்குத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் விதியை மீறி வாயைத் திறந்தார். "இன்னா மேடம் நீங்க, ஸ்டோர்ஸ் தெரியாம கீறீங்களே! நானூறு வேணும்னா எட்நூறு எழுதணும். நாங்கள்லாம் அப்டித்தான் எழுதிகினு கீறோம்."

அறை அதிர்ந்தது. பேக்கிங் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கட்டிங் மாஸ்டர் மேஜையைத் தட்டினார். எனக்குக் காது வரை சூடேறியது. எழுந்து போய் இன்னும் இருநூறு எண்ணிக் கொண்டுவந்து டக்கென்று வைத்தேன்.

விளையாட்டு முடிந்ததும் ஆசிரியை கடை மேஜையைத் தவிர எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று கோடு வரையச் சொன்னாள். நான் ஒரு மலை வரைந்து பக்கத்தில் ஒரு பள்ளமும் வரைந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் வரைந்திருந்தார்கள். அக்காவிடம் மட்டும் இருந்த வாடிக்கையாளர் அட்டைகளை அவள் திருப்பிக் காட்டினாள். முதல் நாலு வாரம் நாலு. அதன் பிறகு கடைசி வரை எட்டு. ஒரே ஒரு தடவை, நாலே நாலு பெட்டி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மலையும் பள்ளமும் நாங்கள் பயந்து பயந்து எழுதிய சீட்டுகளில் இருந்தவை.

அடுத்து டெப்போவின் வரவு செலவுக் கணக்குத் தாளை போர்டில் ஒட்டினாள். எனக்குச் சரக்கு வராத வாரங்களில் எல்லாம் அவருடைய இருப்பு பூஜ்யம். மற்ற வாரங்களில், கேட்டதற்குப் போதாதபோதும், இருந்ததை எல்லாம் கொடுத்திருக்கிறார். ஒரு பெட்டி கூட வெட்டவில்லை. அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மதியம் லெமன் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "அண்ணா, நெஜமா சொல்லுங்க. உங்களுக்கு வாரத்துக்கு எத்தனை டின் பசை வேணும்?"

"பன்னெண்டு."

"அப்புறம் ஏன் இருபத்துநாலு எழுதினீங்க?"

"நீங்கதான் பாதி வெட்டுவீங்களே."

"சரி. ஐம்பது ஏன்?"

அவர் முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னார். "மய டைம்ல லாரி வர்லன்னு ரெண்டு வாரம் மூணு மூணு டின்னு குட்தீங்க, ஞாபகம் கீதா? தைக்கிற பொம்பளைங்க நாப்பது பேரு கைய கட்டிகினு குந்திகினு இருந்தாங்க. பீஸ் ரேட்டு ஜனம் மேடம். தைச்சாத்தான் அதுங்களுக்குக் கூலி. பயந்துபூட்டேன். இன்னொரு வாட்டி அப்டி ஆவக் கூடாதுன்னு கொஞ்சம் எடுத்து வெச்சேன். அது வெயில்ல போவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு ஞாபகமே இல்லை. அந்த இரண்டு வாரமும் எல்லோருக்கும் மூன்று மூன்றாகக் கொடுத்தவள் நான். லாரி வந்ததும் மறந்தவளும் நான்.

ஐந்து மணிக்கு மேனேஜர் அறைக்குப் போய், "சார், அந்தக் கடிதத்தைத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, கேளம்பாக்கம் பத்தலையா? வேலைய விட்டே அனுப்பணும்னு எழுதியிருந்தீங்க. நீங்க எழுதறதுல பாதியத்தான் நான் எப்பவும் எடுத்துக்கறது. அதான் டிரான்ஸ்ஃபரோட நிறுத்திக்கிட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் உண்மையில் விரும்பியது என்ன? மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் திட்ட வேண்டும், அவ்வளவே. ஆனால் திட்ட வேண்டும் என்று எழுதினால் மேனேஜர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் வேலையை விட்டு அனுப்பச் சொல்லி எழுதினேன். பத்து வருடமாக மற்றவர்களின் சீட்டுகளில் எதை அடித்துக்கொண்டிருந்தேனோ, அதையேதான் இரண்டு பக்கம் எழுதி இந்த மேஜைக்கு அனுப்பியிருக்கிறேன். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் கடிதத்தையும் ஆர்டரையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். "இப்ப என்ன பண்ணணுங்கறீங்க? பாதி கிழிக்கட்டுமா?"

"முழுசா கிழிங்க சார். இந்த ஒரு தடவை கேக்கறத அப்படியே குடுங்க."

அவர் இரண்டு தாளையும் சேர்த்து நாலாகக் கிழித்தார்.

திங்கட்கிழமை பொழிச்சலூரிலிருந்து மஞ்சள் சீட்டு வந்தது. "பசை, 12 டின்." வேறு ஒரு வார்த்தை இல்லை. என் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. மூடியைத் திரும்பப் போட்டு, டிராயரில் வைத்துப் பூட்டினேன். பன்னிரண்டையும் எண்ணி வேனில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, அவர் மறுபடி இருபத்துநாலுக்குப் போவாரோ என்று அந்த வாரம் முழுவதும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

சனிக்கிழமை காலை பொழிச்சலூர் போய்விட்டு வேன் வந்தபோது டிரைவர் ஒரு டின்னைக் கொண்டுவந்து என் ஜன்னலில் வைத்தார். சீல் உடையாத டின். மூடியில் சாக்பீஸால் எழுதியிருந்தது: "இந்த வாரம் பதினொண்ணே போதும்." அந்த ஜன்னல் வழியாக ஒரு பொருள் உள்ளே திரும்பி வந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வரவு எழுத எங்களிடம் அதற்கென்று ஒரு சீட்டு கூட இல்லை.