பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர்

"ஏம்மா, பானெட்டைத் தூக்கினா முட்டுக் குடுக்க ஒரு கம்பி இருக்கும். அது எங்க இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சைட் இன்சார்ஜ் சார் என்னைக் கேட்டது இது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். நான் அவருடைய ஜீப்பின் பானெட்டைத் தூக்கி, கம்பியை எடுத்து முட்டுக் கொடுத்தேன். கையில் ஒட்டிய கிரீஸை சீட்டில் கிடந்த செய்தித்தாளில் துடைத்தேன். அதை அவர் இன்னும் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் அம்மாவும் அப்பாவும் குரும்பலூர் பக்கம் அடுத்தவர் காட்டில் மக்காச்சோளம் ஒடித்தும் பருத்தி எடுத்தும் என்னைப் பெரம்பலூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. அதனால் யாராவது என்னிடம் "தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று ஏறும். அன்றும் ஏறியது.

வேலை இதுதான். குவாரியின் பள்ளத்தில் இறங்கிவிட்டால் செல்போனுக்கு டவர் கிடைக்காது. வெடி வைப்பதற்கு முன் எல்லா வண்டியும் வெளியேறிவிட்டதா என்று கேட்க வேண்டுமானால் ஒரு ஆள் மேட்டில் நின்று துண்டை வீச வேண்டும். ஆகவே, சாரின் ஜீப்பிலும் பதினொரு டிப்பர் லாரிகளிலும் பேசிக் கேட்கிற ஒயர்லெஸ் செட் பொருத்த முடிவு செய்திருந்தார்கள். செட்டுகள் வந்து இறங்கிவிட்டன. பொருத்தப்போவது யார் என்பதுதான் பாக்கி.

"மொதல்ல ஜீப்புல போட்டுக் காட்டு," என்றார் சார். "ஒரு வாரம் ஒழுங்கா ஓடினா டிப்பர் பதினொண்ணும் உனக்கு. இல்லேன்னா திருச்சிலேர்ந்து எப்பவும் வர்றவரே வரட்டும். நீ ஆபீஸ்ல உக்காந்து ட்ரிப் ஷீட் எழுது."

ட்ரிப் ஷீட் என்றால் எந்த லாரி எத்தனை நடை போனது என்று நாள் முழுக்கக் கோடு போடுவது. அதற்கு நான் மூன்று வருடம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஜீப்புக்கு ஒரு டிரைவர் அண்ணன் உண்டு. உடையார்பாளையத்துக்காரர். அந்த வண்டியை அவர் துடைக்கிற மாதிரி யாரும் சொந்த வண்டியைக்கூடத் துடைக்க மாட்டார்கள். டேஷ்போர்டின் நடுவில் ஒரு சாமி படம், அதைச் சுற்றிக் குட்டி பல்புகள் கோத்த சீரியல் செட், அதற்கு முன்னால் கயிற்றில் ஓடுகிற சின்ன மஞ்சள் பட்டுத் திரை. வண்டியை விட்டு இறங்கும்போது கோயிலில் நடை சாத்துகிற மாதிரி திரையை இழுத்துவிட்டுத்தான் இறங்குவார். சாவி போட்டால் பல்பு எரியும், எடுத்தால் அணையும்.

நான் ஒயரை வெட்டத் தொடங்கியதும் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"ஏன் பாப்பா இவ்ளோ கஷ்டப்படுற? சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா முடிஞ்சுது. என் மச்சான் டிவியவே அதுலதான் ஓட்டுறான்."

"இது டிவி இல்லண்ணே. பட்டனை அமுக்கிப் பேசுறப்ப பத்து ஆம்பியர் இழுக்கும். லைட்டர் ஒயரு சூடாயிடும், பேச்சும் கரகரன்னுதான் போவும்."

"மச்சான் டிவி கரகரன்னு இல்லியே."

பேட்டரி நெகடிவ்வைக் கழற்றினேன். பாசிடிவ்விலிருந்து தடித்த ஒயர் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்தேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஓட்டை போட்டு, ஒயரைத் தகடு அறுக்காதபடி ரப்பர் வளையம் மாட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுவந்தேன். கூரையில் ஏரியல் ஏறியது. சார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். டிரைவர் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் சரி, எதுக்கு நேரா பேட்டரிலேர்ந்து?"

அப்போது ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "வெடி வைக்கிறப்ப வண்டிய நிறுத்திச் சாவிய எடுத்துடுவீங்கல்ல? அப்பவும் செட்டு பேசணும். அதான் நேரா வருது. சாவி போட்டாலும் எடுத்தாலும் இதுல கரண்ட் இருக்கும்ணே. இதைவிட நல்ல லைன் இந்த வண்டியிலேயே கிடையாது."

"அப்படியா?" என்றார் அண்ணன். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் சார் பள்ளத்திலிருந்து பேசியது எடைமேடையில் இன்னொரு செட்டோடு நின்ற எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது. பஸ்ஸில் பெரம்பலூர் வந்து சேரும்வரை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருகினால் கட், கட் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு டிரைவர்கள் தள்ளினார்கள்.

"என்னம்மா, உன் செட்டு ராத்திரியெல்லாம் பேட்டரியக் குடிச்சிருக்குதே?"

"செட்டை ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் போனேன்."

"அப்ப பேட்டரிய நான் குடிச்சேனா?"

அன்று சாயங்காலம் செட் அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அதற்கு மறுநாளும் கட், கட். இப்போது ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியில் ஓட்டை போட்டது தப்பு என்றார் வாட்ச்மேன். ஏரியல் கூரையில் நின்று கரண்டைக் காற்றில் விடுகிறது என்றார் ஒரு டிப்பர் டிரைவர். எல்லோரையும்விட அதிகம் வருத்தப்பட்டவர் ஜீப் டிரைவர் அண்ணன்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேன் சார், லைட்டர்ல சொருகச் சொல்லி. பாப்பா கேக்கல."

சார் என்னிடம் வந்தார். "நாளைக்கும் வண்டியத் தள்ள வெச்சேன்னா திருச்சிக்குப் போன் போட்டுடுவேன்."

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏன்டி, வேலை போயிடுமா?"

"போவாது. ஆபீஸ்ல எழுதுற வேலை குடுத்துடுவாங்க."

"நெழல்ல உக்காந்து எழுதுறதா?"

"ஆமா."

"அது நல்ல வேலைதானேடி?"

இருபத்தைந்து வருடம் வெயிலில் குனிந்து நின்றவளிடம் நிழல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கோபம் வந்தது. அம்மாவிடம் அதைக் காட்ட முடியாததால் தட்டைத்தான் சத்தமாக வைத்தேன்.

படுக்கும்போதுதான் அது உறைத்தது. இணைப்புக் கொடுத்து முடித்ததும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சும்மா நிற்கிற வண்டி எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். எங்கள் லேப் நோட்டில் கடைசி வரி எப்போதும் அதுதான். நான் அளக்கவில்லை. சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நானும் சீக்கிரம் முடித்துக் காட்டுகிற வேகத்தில் விட்டுவிட்டேன். அவர்கள் மேல் இருந்த எரிச்சலில் பாதி இப்போது என் பக்கம் திரும்பியது.

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். ஷெட்டில் ஜீப் திரை மூடி நின்றது. நெகடிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை ஆம்பியர். நான் வைத்த ஃப்யூஸைப் பிடுங்கினேன். பூஜ்யம்.

"பாத்தியா," என்று பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது. அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "உன் ஒயரப் பிடுங்கினதும் நின்னுடுச்சு."

ஃப்யூஸைத் திரும்பப் போட்டேன். உள்ளே போய் செட்டின் பின்னாலிருந்த இணைப்பை உருவி, செட்டையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். மீட்டர் அப்போதும் ஒன்றரை காட்டியது.

"செட்டு இங்க என் கையில இருக்கு சார். பேட்டரிய யாரு குடிக்கிறா?"

அவர் மீட்டரைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார்.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒயரைத் தொடர்ந்தேன். ரப்பர் வளையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, என் ஒயரின் தோலைச் சீவி, அதில் ஒரு பச்சை ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பச்சை ஒயர் மேலே ஏறிப் போனது. எழுந்து பட்டுத் திரையை விலக்கினேன். சாமியைச் சுற்றி பல்புகள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து டிரைவர் அண்ணன் டீ கிளாஸோடு வந்தார்.

"இது யாருண்ணே போட்டது?"

"நான்தான் பாப்பா. ஏன், லூசாயிடுச்சா?"

"எதுக்குண்ணே இதுல போட்டீங்க?"

"சாவிய எடுத்தா சாமி இருட்டுல நின்னுச்சு. எத்தன வருசமா மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? நீதானே சொன்னே, இதைவிட நல்ல லைன் கிடையாதுன்னு. நல்ல லைனை சாமிக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கிறது?"

"திரை போட்டுட்டுத்தானே போறீங்க? உள்ள எரிஞ்சா யாருக்குத் தெரியும்?"

"திரை வெளிய நிக்கிறவங்களுக்கு. உள்ள வெளக்கு எரியணும்ல?"

இரண்டு நாளாக வண்டி தள்ளுகிறார்கள், பழி என் மேல் விழுகிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. சாமி விளக்கால் கெடுதல் வரும் என்று யாருக்குத்தான் தோன்றும்? சார் திட்டுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டு என்னைத் திட்டினார்.

"ஒயர மூடாம தொறந்து போட்டா கை வைக்கத்தான் செய்வாங்க."

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததுதான் எரிச்சல். ஒயரை நான் குழாய்க்குள் விட்டிருக்க வேண்டும்.

பச்சை ஒயரை அறுத்தேன். அண்ணன் முகம் வாடிவிட்டது. மறுநாள் பெரம்பலூர் கடையிலிருந்து ஒரே ஒரு குட்டி எல்.ஈ.டி. விளக்கு வாங்கிவந்து, அதற்குத் தனி ஒயர், தனி ஃப்யூஸ் போட்டுக் கொடுத்தேன்.

"இது ஒரு மாசம் எரிஞ்சாலும் வண்டி ஸ்டார்ட் ஆவும்ணே."

"ஒத்த பல்புதானா? கலர் மாறாதா?"

"மாறாது."

"சரி, எரியுதுல்ல," என்று அரைமனதாகத் திரையை இழுத்துவிட்டார்.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் ஜீப் ஒரே திருகலில் கிளம்பியது. டிப்பர்களைப் பற்றி சார் வாயைத் திறக்கவில்லை. நானே போய்க் கேட்டேன். "திங்கக்கிழமை பாக்கலாம்," என்றார். திருச்சிக்காரருக்குப் போன் போட்டுவிட்டாரா என்று கேட்டதற்கும் அதே பதில்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய், பதினொரு டிப்பரிலும் ஏறி, பதினொரு சாமி படத்துக்கும் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். விளக்குக்குக் கரண்ட் எடுத்திருந்த இடம் பதினொன்றிலும் பதினொரு விதமாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். சார் வந்தபோது முதல் டிப்பரின் பேட்டரி மூடியைத் திறந்து, நெகடிவ்வைக் கழற்றி வைத்திருந்தேன்.

"யாரும்மா உன்னைத் தொடச் சொன்னது?"

"கழட்டியாச்சு சார். இனிமே நான் மாட்டினாத்தான் கிளம்பும்."

அவர் பேட்டரியை எட்டிப் பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் போனார். நான் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஃப்யூஸ்களைத் திருகினேன். ஒன்றின் மேல் செட் என்றும் மற்றொன்றின் மேல் சாமி என்றும் முன்தினமே எழுதி ஒட்டிக் கொண்டுவந்திருந்தேன்.