எந்தக் கோயிலில் சேர்ப்பது?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரசராக இருந்த சவரிமுத்துவின் மனைவி நவமணி, சாகும்வரை இதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. நடந்தது 1927-இல். ராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், கோயிலுக்குள்.

சவரிமுத்து கத்தோலிக்கர். நவமணி திருநெல்வேலி நாசரேத்துப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் வேதக்காரக் குடும்பம். கல்யாணத்தின்போது தள்ளிப்போட்ட பேச்சு, பெண்குழந்தை பிறந்ததும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளையை எந்தக் கோயிலில் சேர்ப்பது? ஐந்து மாதமாகியும் ஞானஸ்நானம் இல்லை. பெயரும் இல்லை. அதற்குள் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கொயினா மருந்து கொடுத்தால் தணியும். மறுநாள் திரும்ப அடிக்கும். அந்தக் காய்ச்சல் தோட்டத்துப் பிள்ளைகளை எப்படிக் கொண்டுபோகும் என்பது டிரசருக்குத் தெரியாததல்ல.

"ஈப்போவுல மூணு கோயில் இருக்கு. நீயே போய்ப் பாரு. எதுன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனா வெரசா சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து நவமணிக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. படுத்தாலும் அதே யோசனை.

முதல் ஞாயிறு, ரயிலேறி ஈப்போ கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனார்கள். சவரிமுத்து ஆண்கள் பக்கம் உட்கார, நவமணி பிள்ளையோடு பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். பூசை பாதி நடக்கையில் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினாள். ஒரு பெண். தோட்டத்துக்காரி போலிருந்தாள். மார்போடு ஒரு துணிப்பொதியை அணைத்திருந்தாள். கைப்பிள்ளை போல.

"இங்கதான் சேக்கப் போறீங்களாம்மா?" என்றாள் மெதுவாக.

"இன்னும் முடிவு பண்ணல அக்கா."

"நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் சேலை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே சுள்ளென்று வெயில். மழை பெய்து நாலு நாளாகியிருந்தது. நவமணி அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றைத்தான் கவனித்தாள். அனலாய்க் கொதித்த தன் பிள்ளையின் உடம்பு, அந்தப் பக்கமாய்ச் சில்லென்றிருந்தது.

அடுத்த ஞாயிறு மெதடிஸ்ட் கோயில். பாட்டுக்கு எழுந்து நின்று, முடிந்து உட்கார்ந்தபோது... அதே பெண். அதே ஈரச் சேலை.

"இங்கயா அம்மா?"

"நீங்களும் அந்த ரயில்லதான் வந்தீங்களா?"

அந்தப் பெண் பொதியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். பொதிக்குள் பிள்ளை சிணுங்கவில்லை. அசையவும் இல்லை. முன்வரிசையில் இருந்த அம்மாள் திரும்பி நவமணியை முறைத்தாள். யாரோடு பேசுகிறாய் என்பது போல.

திரும்பும்போது கணவரிடம் கேட்டாள். "ஏங்க, எம் பக்கத்துல உக்காந்திருந்துச்சே ஒரு அக்கா, நம்ம தோட்டமா?"

"உம் பக்கத்துலயா? யாரும் உக்காரலியே. பெஞ்சு காலியாத்தானே கெடந்துச்சு."

அந்த வாரம் முழுக்க நவமணிக்கு உறக்கமில்லை.

மூன்றாம் ஞாயிறு ஆங்கிலிக்கன் கோயில். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த வயதான போதகர் இன்னும் பிரசங்கத்தைத் தொடங்கவில்லை. மடியிலிருந்த பிள்ளை விறைத்தது. கண் மேலே சொருகியது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

காதோரம் அந்தக் குரல்.

"வெரசா சொல்லுங்கம்மா... எனக்குக் கையி வலிக்குது."

நவமணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். "இங்கயே! இங்கயே ஞானஸ்நானம் குடுத்துருங்க ஐயா!"

சவரிமுத்துவும் ஓடிவந்தார். போதகர் தயங்கவில்லை. பெயர் கேட்டார். நவமணியின் வாயில் வந்தது ஒரே சொல். "கிருபை."

தண்ணீரை அள்ளிப் பிள்ளையின் தலையில் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். இழுப்பு நின்றது.

போதகர் இடப்பக்கம் திரும்பினார்.

அங்கே யாருமில்லை.

குனிந்து ஏதோ கேட்டார். தலையாட்டினார். மறுபடி தண்ணீர் அள்ளினார்.

"கிருபை..."

மூன்று கை தண்ணீர். காற்றில்.

நவமணி தரையைப் பார்த்தாள்.

ஒரு சொட்டும் விழவில்லை.

ஆராதனை முடிந்தபின் சவரிமுத்து நன்றி சொல்லப் போனார். போதகர் சிரித்தார். "ரெண்டு பிள்ளைக்கும் ஒரே பேரை வச்சுட்டீங்களே."

"ரெண்டா?"

"உங்க பக்கத்துல நின்ன அம்மா பிள்ளையை நீட்டினாங்களே. என்ன பேருன்னேன். 'அதே பேருதான்'னு சொன்னாங்க. தண்ணி பட்டதும் அந்தப் பிள்ளை வீல்னு அழுதுச்சே, உங்களுக்குக் கேக்கலியா?"

யாருக்கும் கேட்கவில்லை.

கிருபையின் காய்ச்சல் அன்றோடு விட்டது. மறுநாள் ஆயாக் கொட்டகையில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயியிடம் நவமணி எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தை, சேலையை, குரலை. கேட்கக் கேட்க ராக்காயி முகம் வெளுத்தது.

"அது இருளாயிம்மா. நீங்க இங்க வாரதுக்கு முந்தி நம்ம லயத்து வீட்டுல இருந்துச்சு. ரெண்டு பிள்ளையைக் காய்ச்சல்ல குடுத்துட்டு, மூணாவதை ஏசு சாமிக்கே விட்டுர்றேன்னு நேந்துக்கிச்சு. எந்தக் கோயில்ல சேரலாம்னு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஈப்போவுக்கு அலைஞ்சுச்சு. முடிவு பண்றதுக்குள்ள போன வருசம் பெரிய வெள்ளம் வந்துருச்சுலா. ஆத்தோட போயிருச்சு. நாங்கதான் எடுத்துப் பொதைச்சோம்."

"பிள்ளை? பிள்ளையும் சேந்தா போச்சு?"

ராக்காயி நவமணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ளை எங்கம்மா பொறந்துச்சு? நெறமாசம்லா அது. வயித்தோடதானே பொதைச்சோம்."